தாய்மாரைக் காத்தது எது?
இங்கிலாந்தின் மகப்பேற்றுப் பணி நமக்குக் கூறும் பாடம்

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்று நம் பெரியோர் கூறுவதுண்டு. அது மிகைப்படுத்திச் சொன்ன சொல் அன்று. சென்ற நூற்றாண்டின் முற்பகுதி வரையில், உலகின் எந்த மூலையிலும், எவ்வளவு செல்வம் படைத்த வீட்டிலும், பேறுகாலம் நெருங்கும்போது குடும்பத்தாரின் உள்ளத்தில் மகிழ்ச்சியோடு அச்சமும் கலந்தே இருந்தது. மகளைப் பிரசவத்துக்கு ஊருக்கு அனுப்பிவிட்டுத் தபால்காரர் வரும் வழியையே நோக்கியிருந்த நாட்கள் நம்மில் மூத்தோர் பலருக்கு நினைவிருக்கும்.

அந்த அச்சம் பெரும்பாலும் நீங்கிவிட்ட காலத்தில் நாம் வாழ்கிறோம். அது எவ்வாறு நீங்கியது என்று கேட்டால், மருத்துவமனைகள் பெருகின, புதிய மருந்துகள் வந்தன, மக்களின் வறுமை குறைந்தது என்று விடை கூறிவிடுகிறோம். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் விடை அவ்வளவு எளிதன்று என்பதை இங்கிலாந்தின் அனுபவம் காட்டுகிறது. முதல் உலகப் போர் முடிந்த 1918க்கும் இரண்டாம் போர் தொடங்கிய 1939க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், அந்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறை தாய்மாரின் நலத்துக்காகப் பல சட்டங்களை இயற்றியது, பெரும்பொருளும் செலவிட்டது. அதன் விளைவு அறிஞர்களையே திகைக்க வைத்தது. அந்தக் கதையை நம் இல்லத்தரசிகளும் இளைஞர்களும் அறிந்துகொள்வது நலம் எனக் கருதி இங்கே எழுதுகிறோம்.

சட்டத்தால் செய்தவை

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது இங்கிலாந்தில் பிரசவம் பார்ப்பதற்கு எந்தத் தகுதியும் வேண்டியதில்லை. அக்கம்பக்கத்து மூதாட்டி ஒருத்தி வந்து பார்ப்பாள். அவர்களுள் கைராசியும் அனுபவமும் உடையவர்களும் உண்டு. நாவலாசிரியர் டிக்கன்ஸ் படைத்துக் காட்டிய திருமதி கேம்ப் போன்ற குடிப்பழக்கமும் அழுக்கும் நிறைந்தவர்களும் உண்டு. 1902ல் மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. பயிற்சி பெற்றுத் தேறியவர்களின் பெயர்கள் பதிவேட்டில் ஏறின. முன்பே அத்தொழிலைச் செய்துவந்த நன்னடத்தை உள்ளவர்களும் முதலில் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். 1910 முதல், பதிவு பெறாதவர்கள் டாக்டரின் மேற்பார்வையின்றிக் கூலிக்குப் பிரசவம் பார்ப்பதைத் தொழிலாகக் கொள்வது குற்றமாயிற்று.

மருத்துவச்சிகளுக்கென ஏற்பட்ட மத்திய சபையின் விதிகள் கடுமையானவை. அவர்களுடைய பையையும் வீட்டையும் மேற்பார்வையாளர் வந்து சோதிப்பார். பெற்றவளின் உடற்சூட்டையும் நாடித் துடிப்பையும் குறித்து வைக்க வேண்டும். ஆபத்தின் குறி தென்பட்டால் உடனே டாக்டரை அழைக்க வேண்டும். தாய்க்கு ஜுரம் கண்டால் மேலதிகாரிக்குத் தெரிவித்து, துணிமணிகளையும் கருவிகளையும் கிருமிநீக்கம் செய்த பிறகே அடுத்த வீட்டுக்குப் போகலாம். அழைக்கப்பட்ட டாக்டருக்கு ஏழைக் குடும்பம் கட்டணம் கொடுக்க இயலாதே என்று மருத்துவச்சி தயங்கக் கூடாதென்று, 1918ம் ஆண்டுச் சட்டம் அக்கட்டணத்தை ஊராட்சியே கொடுக்குமாறு செய்தது.

இதற்கிடையே 1911ம் ஆண்டின் தேசிய இன்ஷூரன்ஸ் சட்டம் தொழிலாளியின் மனைவிக்குப் பேறுகால உதவியாக 30 ஷில்லிங் வழங்கியது. முதலில் அந்தப் பணம் கணவன் கையில்தான் சேர்ந்தது. பெண்கள் கூட்டுறவுக் கழகத்தார் போராடி, 1913ல் அதைத் தாயின் உரிமையாக்கினார்கள். அக்கழகம் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் தம் பேறுகால அனுபவங்களைத் தம் கையால் எழுதிய கடிதங்களைத் திரட்டி 1915ல் வெளியிட்டது. நிறைமாதத்திலும் பிறர் வீட்டுத் துணி துவைத்ததையும், தான் உண்ணாது கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் பங்கிட்டதையும் அக்கடிதங்கள் நாட்டாருக்கு எடுத்துரைத்தன.

போரில் இளைஞர்களைப் பறிகொடுத்த நாடு, பிறக்கும் குழந்தைகளின் உயிரை அருமையாக எண்ணத் தொடங்கியது. 1918ல் தாய் சேய் நலச் சட்டம் நிறைவேறியது. கருவுற்றோரைப் பரிசோதிக்கும் நிலையங்கள், வீடு தேடிச் செல்லும் சுகாதாரப் பெண் ஊழியர்கள், மலிவு விலையில் பால், மகப்பேற்று இல்லங்கள் ஆகியவற்றை நகரசபைகள் நடத்துவதற்கு அச்சட்டம் வழி செய்தது. அடுத்த ஆண்டு சுகாதார மந்திரியின் தலைமையில் தனி இலாகாவே ஏற்பட்டது. 1918ல் நூற்றுச் சொச்சமாக இருந்த பேறுகாலப் பரிசோதனை நிலையங்கள் 1930களின் நடுவில் ஆயிரத்தைத் தாண்டின.

விளங்காத புதிர்

குழந்தைகளைப் பொறுத்தவரையில் பயன் கண்கூடாகத் தெரிந்தது. நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த குழந்தைகள் ஆயிரத்துக்கு 150 அளவில் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 1930ல் அத்தொகை 60 ஆகக் குறைந்தது. ஆனால் தாய்மாரின் மரணம் குறையவே இல்லை. ஆயிரம் பிரசவங்களுக்கு நான்குக்கும் ஐந்துக்கும் இடையே தாய்மார் மாண்டனர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டுதோறும் ஏறக்குறைய 3000 தாய்மாரை நாடு இழந்தது. 1850களில் என்ன அளவோ ஏறத்தாழ அதே அளவு 1934லும் நின்றது. இடையில் குளோரோபாரம் பரவியது. லிஸ்டரின் கிருமிநாசினி முறை வந்தது. ரண சிகிச்சை எவ்வளவோ முன்னேறியது. அவ்வளவும் வந்தும், நாட்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தால் தாயின் நிலை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

புதிருக்குள் இன்னொரு புதிரும் இருந்தது. 1930 முதல் 1932 வரை நேர்ந்த மரணங்களைக் கணவரின் தொழிலைக் கொண்டு வகுத்துப் பார்த்தார்கள். வக்கீல், வியாபாரி, உத்தியோகஸ்தர் முதலிய மேல்நிலைக் குடும்பங்களில் ஆயிரத்துக்கு 4.4 தாய்மாருக்கு மேல் இறந்திருந்தனர். கூலித் தொழிலாளர் குடும்பங்களில் அத்தொகை 3.9 தான். குழந்தை மரணத்திலோ நிலைமை நேர்மாறு. ஏழையின் குழந்தையே மிகுதியாக மாண்டது. நல்ல உணவும் காற்றோட்டமான வீடும் உடைய சீமாட்டி, பிரசவ வேளையில் மட்டும் ஏழைப் பெண்ணைவிட அதிக ஆபத்துக்கு உள்ளானது ஏன்?

நாடுகளை ஒப்பிட்டபோதும் இதே வியப்புத்தான். ஹாலந்து, நார்வே, டென்மார்க் ஆகிய நாடுகளில் ஆயிரத்துக்கு இரண்டு மூன்று என்ற அளவிலேயே மரணம் இருந்தது. செல்வம் கொழித்த அமெரிக்காவில் ஆறு ஏழு என்று இருந்தது. ஹாலந்தில் பெரும்பாலான பிரசவங்கள் வீட்டிலேயே, நன்கு பயின்ற மருத்துவச்சிகளின் கையில் நிகழ்ந்தன. அமெரிக்காவிலோ டாக்டர்களின் கையும் மருத்துவமனையும் மேலோங்கியிருந்தன.

கையின் குற்றம்

விடை மெல்ல மெல்லத் துலங்கியது. ஏழை வீட்டார் கட்டணம் குறைவென்பதால் மருத்துவச்சியை அழைத்தார்கள். வசதியுள்ளோர் டாக்டரை அழைத்தார்கள். மருத்துவச்சி இயற்கை தன் வேலையை முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருப்பாள். ஆயுதத்தைத் தொட அவளுக்கு உரிமை இல்லை. பொது மருத்துவம் பார்க்கும் டாக்டருக்கோ நூறு வேலைகள். மாணவராக இருந்தபோது அவர் பிரசவ மருத்துவம் பயின்றது சில வாரங்களே. வலியின் நீட்சியைக் கண்டு குடும்பத்தார் பதறுவர். வாசலில் வேறு நோயாளிகள் காத்திருப்பர். குளோரோபாரம் கொடுத்து, ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்துவிட்டுச் செல்வது எளிதாகத் தோன்றியது. தேவையில்லாத இடத்தில் ஆயுதம் போட்டதால் தசை கிழிந்தது, உதிரம் பெருகியது, கிருமி புகுந்தது.

தாய்மாரைக் கொன்ற காரணங்களுள் முதலிடம் பிரசவ ஜுரத்துக்கே உரியது. மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதனால் நேர்ந்தன. பெற்ற இரண்டாம் மூன்றாம் நாளில் குளிரும் காய்ச்சலும் கண்டு, ஒரு வாரத்துக்குள் உயிர் பிரிந்துவிடும். அடுத்து உதிரப்போக்கும், கர்ப்பகாலத்தில் இரத்தக் கொதிப்பு ஏறி வலிப்புக் காணும் நோயும் இருந்தன. சட்டத்துக்கு அஞ்சி மறைவில் செய்த கருச்சிதைவுகளால் மாண்ட பெண்களும் பலர்.

பிரசவ ஜுரம் ஒருவர் கையினால் மற்றொருவருக்குப் பரவுகிறது என்பது புதிய உண்மை அன்று. அபர்டீன் நகரத்து டாக்டர் அலெக்சாண்டர் கோர்டன் 1795லேயே அதை எழுதினார். வியன்னாவில் செம்மல்வைஸ் 1847ல் மாணவர்களைக் குளோரின் கலந்த நீரில் கைகழுவச் செய்து, தம் பிரிவில் மரணங்களைக் குறைத்துக் காட்டினார். இருவரும் உடன்தொழில் செய்தோரின் பகைமையையே ஊதியமாகப் பெற்றனர். நோய்க்கு நாம்தாம் காரணம் என்று ஒப்புக்கொள்ள மருத்துவர்களின் மனம் எளிதில் இணங்கவில்லை.

1930களில் இந்த ஆராய்ச்சியை மேற்கொண்டவர் லெனார்டு கோல்புரூக். லண்டனில் குயீன் சார்லட் மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வுக்கூடத்தில் அவர் பணிபுரிந்தார். ஜுரத்துக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமி எங்கிருந்து வருகிறது என்று அவருடைய சகோதரியாகிய டாக்டர் டோரா கோல்புரூக் தேடிப் பார்த்தார். பிரசவம் பார்த்தவரின் தொண்டையிலும் மூக்கிலும், சில வேளைகளில் தாயின் சுற்றத்தார் தொண்டையிலும் அதே இனக் கிருமி இருக்கக் கண்டார். தொண்டைப் புண்ணும் செங்காய்ச்சலும் கண்ட குழந்தையைப் பார்த்துவிட்டு வரும் டாக்டர், தாம் அறியாமலே சாவைக் கையோடு கொண்டுவருகிறார் என்பது இதனால் தெளிவாயிற்று. வாயையும் மூக்கையும் மூடும் துணியும், கையுறையும், கைகளைக் கிருமிநாசினியால் துடைப்பதும் இன்றியமையாதவை என்று லெனார்டு வற்புறுத்தினார். கையை நோகச் செய்யாமல் கிருமியைக் கொல்லும் திரவம் ஒன்றை அவர் 1933ல் சோதித்துப் பிரசவ அறைகளுக்குப் பரிந்துரைத்தார். இன்று நம் வீடுதோறும் அலமாரியில் இருக்கும் டெட்டால் அதுவே.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருத்துவச்சியின் பையைச் சோதிக்கச் சட்டம் இருந்தது. டாக்டரின் பையைச் சோதிக்க எவரும் இலர். அதிகக் கண்காணிப்புக்கு உட்பட்டவளின் கையில் தாய் பெரும்பாலும் பிழைத்தாள். ஏழை வீடுகளுக்குச் சென்று பிரசவம் பார்த்த பயிற்சி பெற்ற ஊர்த் தாதியரின் கணக்கில் மரணம் தேசச் சராசரிக்கு வெகு கீழே இருந்தது.

பாதிக்குப் பாதி தவிர்க்கத்தக்கவை

சுகாதார இலாகாவில் தாய் சேய் நலப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த டாக்டர் ஜேனட் காம்பெல் என்ற அம்மையார், தாய்மாரின் மரணம் குறித்து 1924ல் விரிவான அறிக்கை எழுதினார். ஒவ்வொரு மரணத்தையும் தனித்தனியே விசாரிக்க வேண்டுமென்ற எண்ணம் வலுப்பட்டது. அன்று சுகாதார மந்திரியாயிருந்த நெவில் சேம்பர்லின் 1928ல் ஒரு குழுவை அமைத்தார். அக்குழு 5800 அளவில் மரணங்களை ஆராய்ந்து 1932ல் இறுதி அறிக்கை தந்தது. ஏறக்குறைய பாதி மரணங்களில் தவிர்க்கத்தக்க பிழை ஒன்றேனும் இருந்தது என்பது அதன் முடிவு. பேறுகாலத்தில் பரிசோதனை இன்மை, பிரசவ வேளையில் தவறான முடிவு, அவசர உதவி கிடைக்காமை, தாயோ குடும்பத்தாரோ சொன்ன யோசனையைக் கேளாமை என்று அப்பிழைகளை வகுத்துக் காட்டினார்கள்.

நிலையங்கள் ஆயிரக்கணக்கில் பெருகியும் பயன் சிறுத்ததற்கு மற்றொரு காரணமும் இருந்தது. கர்ப்பிணியை நகரசபை நிலையத்தில் ஒருவர் பரிசோதிப்பார்; வீட்டில் பிரசவம் பார்ப்பவர் வேறொருவர். முன்னவர் கண்ட குறை பின்னவர் காதுக்கு எட்டுவதில்லை. இரத்தக் கொதிப்பு ஏறியிருந்ததும், இடுப்பெலும்பு குறுகியிருந்ததும் நிலையத்துக் காகிதத்தில் இருக்கும். தாய் தன் வீட்டில் வலியோடு போராடுவாள். பொறுப்பு எவருடையது என்பது எவருக்கும் தெரியாது.

பொறுப்பு ஒன்றுபட்டால் என்ன ஆகும் என்பதை ராச்டேல் என்னும் பருத்தி நெசவு நகரம் காட்டியது. அங்கே 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் மரணம் ஆயிரத்துக்கு ஒன்பது என்ற அளவில், தேசச் சராசரியைப்போல் இருமடங்காக இருந்தது. புதிதாக வந்த சுகாதார அதிகாரி ஆண்ட்ரூ டாப்பிங் பெரிய கட்டடம் எதுவும் எழுப்பவில்லை. டாக்டர்களையும் மருத்துவச்சிகளையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினார். தேவையின்றி ஆயுதம் போடலாகாது என்று வற்புறுத்தினார். சிக்கலான வேளையில் அனுபவம் மிக்க நிபுணர் வர ஏற்பாடு செய்தார். பேறுகாலத்தில் என்ன கேட்க வேண்டும், எதை எதிர்பார்க்க வேண்டும் என்று பொதுக்கூட்டங்களில் மக்களுக்கும் எடுத்துரைத்தார். சில ஆண்டுகளில் அந்த ஊரின் தொகை இரண்டு என்ற அளவுக்கு இறங்கியது. ஊர் மக்களின் வறுமையோ அப்படியே இருந்தது.

இதனால் வறுமை ஒரு பொருட்டன்று என்று கொள்ளலாகாது. நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டு வேலையின்றி வாடிய தெற்கு வேல்ஸ் பள்ளத்தாக்குகளில் தாய்மாரின் மரணம் மிகுந்திருந்தது. அங்கே 1930களில் கர்ப்பிணிகளுக்கு உணவுப் பொருள்களை வழங்கும் முயற்சியும் நடைபெற்றது. நல்லுணவு உண்டவள் நோயைத் தாங்குகிறாள் என்பது எவரும் அறிந்ததே. எனினும் அழுக்குக் கையோடு வரும் கிருமிக்கு ஏழையென்றும் செல்வரென்றும் வேற்றுமை இல்லை.

வருந்தத்தக்க செய்தி ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். தாய்மாரின் நலத்துக்காக ஆண்டுகள் பல உழைத்த ஜேனட் காம்பெல் 1934ல் திருமணம் செய்துகொண்டார். மணமான பெண் அரசாங்கப் பணியில் இருத்தலாகாது என்பது அக்கால விதி. அவர் பதவியைத் துறக்க நேர்ந்தது.

திரும்பிய சக்கரம்

1935 முதல் நிலைமை மாறியது. அவ்வாண்டு ஜெர்மனியில் கெர்ஹார்டு டோமாக் என்பவர், ப்ரோண்டோசில் என்ற செந்நிறச் சாயப் பொருள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி ஏற்றப்பட்ட எலிகளைக் காப்பாற்றுகிறது என்று வெளியிட்டார். சல்பா மருந்துகளின் தொடக்கம் அதுவே. கோல்புரூக்கும் டாக்டர் மேவ் கென்னி என்ற அம்மையாரும் குயீன் சார்லட் மருத்துவமனையில் அம்மருந்தைப் பிரசவ ஜுரம் கண்டவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கு முன் அங்கே வந்த அத்தகைய நோயாளிகளில் நால்வருக்கு ஒருவர் என்ற அளவில் இறந்துவந்தனர். 1936ல் அவர்கள் வெளியிட்ட கணக்கில் 64 பேருக்கு மூவரே இறந்தனர். கிருமியின் கொடுமையும் அக்காலத்தில் சற்றுத் தணிந்திருக்கலாம் என்று கோல்புரூக் தாமே கூறினார். அடக்கமும் உண்மையும் உடைய விஞ்ஞானியின் சொல் அது.

அதே 1936ல் வந்த மருத்துவச்சிகள் சட்டம், மாதச் சம்பளம் பெறும் மருத்துவச்சிகளை ஊர்தோறும் நியமிக்கும் கடமையை ஊராட்சிகளின்மேல் சுமத்தியது. அதுவரை கிடைத்த கூலியை நம்பி, இரவு பகல் ஓய்வின்றி அலைந்தவர்களுக்குச் சம்பளமும் விடுமுறையும் ஓய்வூதியமும் உறுதியாயின. உதிரப்போக்கை நிறுத்தும் எர்கோமெட்ரின் 1935ல் கண்டுபிடிக்கப்பட்டது. அவசர வேளையில் இரத்தமும் நிபுணரும் வீட்டு வாசலுக்கே வரும் வண்டிகள் சில நகரங்களில் ஓடத் தொடங்கின. போர்க்காலப் பஞ்சத்திலும் 1940 முதல் கர்ப்பிணிகளுக்குப் பால் பங்கீடு உறுதி செய்யப்பட்டது. பின்னர் பென்சிலின் வந்தது. 1948ல் தேசிய சுகாதாரப் பணி தோன்றிக் கட்டணக் கவலையையே நீக்கியது. எண்பது ஆண்டுகள் அசையாமல் நின்ற மரணத் தொகை 1940ல் ஆயிரத்துக்கு மூன்றுக்கும் கீழே, 1950ல் ஒன்றுக்கும் கீழே இறங்கியது.

நம் நாட்டு நிலை

அதே காலத்தில் நம் நாட்டின் நிலை என்ன? போர் என்பவரின் தலைமையில் அமைந்த சுகாதாரக் குழு 1946ல் தந்த அறிக்கை, ஆயிரம் பிரசவங்களுக்கு 20 தாய்மார் மாள்வதாகவும், ஆண்டுதோறும் இரண்டு லட்சம் தாய்மாரை நாடு இழப்பதாகவும் மதிப்பிட்டது. சென்னையில் பிரசவ மருத்துவத்தில் பேர்பெற்ற டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியாரும் அக்குழுவில் ஓர் உறுப்பினர்.

அன்றிலிருந்து நாம் வெகுதூரம் வந்திருக்கிறோம். இன்று இக்கணக்கை லட்சம் பிறப்புகளுக்கு இவ்வளவு என்று கூறுவது வழக்கம். அம்முறையில் இங்கிலாந்தின் 1934ம் ஆண்டுத் தொகை 400க்கு மேல். இந்தியாவில் 1997-98ல் 398 ஆக இருந்தது. 2018-20ல் 97 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டில் அதே காலத்தில் 54 தான். இங்கிலாந்து ஒருகாலத்தில் திகைத்து நின்ற இடத்தை நாமும் கடந்துவிட்டோம் என்பது பெருமைக்குரியது. ஆயினும் எஞ்சிய மரணங்களிலும் உதிரப்போக்கு, கிருமித் தொற்று, இரத்தக் கொதிப்பு ஆகிய அதே பழைய பகைவர்களைக் காண்கிறோம்.

வெளியூரில் வாழும் நம் குடும்பங்களுக்கு இக்கதையில் தனிப்பட்ட பாடம் ஒன்று உண்டு. மும்பையிலோ டில்லியிலோ கல்கத்தாவிலோ ஏழாம் மாதம் வரை பரிசோதனை செய்துகொண்டு, வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்கு ரயிலேறும் வழக்கம் நம்மிடையே இன்றும் இருக்கிறது. தாயின் அரவணைப்பில் பிள்ளை பெறுவது நல்ல வழக்கமே. ஆனால் இங்கே பார்த்த டாக்டர் அறிந்ததை அங்கே பார்க்கும் டாக்டர் அறியாவிட்டால், அன்றைய இங்கிலாந்தின் பிழையையே நாமும் செய்தவர்களாவோம். ஆகவே தாய் சேய் நல அட்டை, இரத்த வகை, இரத்த அழுத்தக் குறிப்புகள், ஸ்கேன் அறிக்கைகள், முந்தைய பிரசவ விவரங்கள் அனைத்தையும் ஓர் உறையில் இட்டுக் கையோடு கொடுத்தனுப்ப வேண்டும். இங்கே எழுதியவை அங்குள்ளோர்க்குப் புரியும் மொழியில் உள்ளனவா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊரில் பிரசவம் பார்க்கப் போகும் மருத்துவமனையில் முன்கூட்டியே பெயரைப் பதிந்துவிட வேண்டும். பிரயாணம் செய்யலாமா, எப்போது செய்யலாம் என்பதை டாக்டரே தீர்மானிக்கட்டும். முகமும் கையும் வீங்குதல், ஓயாத தலைவலி, கண் மங்குதல், உதிரம் காணுதல், பெற்ற பின் ஜுரம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் நல்ல நேரம் பார்த்துக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பிறந்த குழந்தையைப் பார்க்க ஆவலோடு வரும் உற்றார் கைகழுவிய பின்னரே தொட்டிலருகே செல்லட்டும். சளியும் தொண்டை வலியும் உள்ளவர்கள் சில நாள் பொறுத்து வரட்டும். இதைச் சொன்னால் மனம் கோணுவார்களே என்று வீட்டார் தயங்க வேண்டியதில்லை. பெற்றவளைத் தேடி வரும் ஒவ்வொரு கையும் தூய கையாக இருக்க வேண்டும் என்பதை உலகம் மிகுந்த விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது.